புட்டுக்கு மேலே ஏழு தட்டு

பாரிஸில் இருபத்திரண்டு வருடங்கள் உணவகங்களில் வேலை செய்திருக்கிறேன். ஒன்றுக்குள்கூட முன்கதவால் போய், கதிரையில் இருந்து சாப்பிட்டதில்லை. குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, எப்போதும் ஈரமாக இருக்கும் இரண்டு படிகளில் இறங்கி, குசினிக்குள் நுழைவதுதான் எனக்குத் தெரிந்த பாதை. முன்பக்கம் எப்படி இருக்கும் என்பது, குசினிக் கதவு திறந்து மூடும் இரண்டு நொடியில் பார்த்ததுதான். நாலு கதிரைக் கால், ஒரு பெண்ணின் சப்பாத்து, யாரோ ஒருவரின் வழுக்கை. இதை வைத்துக்கொண்டு பாரிஸின் பெரிய இடத்து வாழ்க்கை எனக்கு அத்துப்படி என்று ஊருக்குத் தொலைபேசியில் எத்தனையோ தரம் அளந்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் முதன்முதலாக முன்கதவால் போனது, வேலை கேட்டுத்தான்.

என் பழைய முதலாளி ஓய்வெடுக்கப் போகிறேன் என்று கடையை விற்றார். வாங்கியவர் அதில் மூக்குக்கண்ணாடிக் கடை போட்டார். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மீன் சமைக்கிறவன் தேவைப்படமாட்டான். ஏழு மாதம் சொமாஜில், அதாவது அரசாங்கம் தரும் வேலையில்லாப் பணத்தில், வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்பது பேச்சுக்கு. நான் எங்கே இருந்தேன்? காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். எழும்பி வெங்காயம் வெட்டுவேன். மகள் லியோனில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கு மூன்று கிலோ வெங்காயம். வெட்டியதை மனைவி மேல்மாடிக்காரருக்கும் கீழ்மாடிக்காரருக்கும் கொடுத்து முடித்தாள். ஒரு கட்டத்தில் எங்களைப் படியில் கண்டால் அவர்கள் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள்.

வயது ஐம்பத்து மூன்று. இரண்டு இடத்தில் வேலை கேட்டுப் போனேன். இரண்டு இடத்திலும் "உங்களுக்கு அனுபவம் அதிகம்" என்றார்கள். கிழவா என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது. சொமாஜ் முடிய இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

அப்போதுதான் பழைய முதலாளி கூப்பிட்டு, கால்வாய்க் கரையில் ஒரு ஹவாய் உணவகம் இருக்கிறது, அங்கே ஷெஃபுக்கு அடுத்த ஆளாக ஒருவர் தேவையாம், போய்ப் பார் என்றார். வழக்கம்போலப் பின்கதவால் போனேன். ஷெஃப் ஒரு பெண். தகப்பன் ஹவாய்த் தீவுக்காரர், தாய் பிரான்சின் மேற்குக் கரை, பிரெத்தான்காரி. என்னைவிடப் பத்து வயது குறைவு, தோள் என்னுடையதைப்போல இரண்டு மடங்கு. மகள் அழகாக அச்சடித்துத் தந்த என் வேலை அனுபவத் தாளை அவர் வாங்கி, வாசிக்காமலே ஈரக் குவளைக்குக் கீழே வைத்தார்.

"உங்களுக்குச் சமைக்கத் தெரியும் என்று உங்கள் முதலாளி சொல்லிவிட்டார். சாப்பிடத் தெரியுமா என்று நான் பார்க்கவேண்டும். புதன்கிழமை மதியம் மனைவியோடு வாருங்கள். விருந்தாளியாக. ஏழு தட்டு வரும். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். எந்தத் தட்டை மாற்றுவீர்கள், எப்படி? பதில் பிடித்தால் வேலை உங்களுடையது."

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன்.

"ஹவாய்க்காரர் என்ன சாப்பிடுவினம்?" என்றாள்.

"அன்னாசிப்பழம்."

"வேறை?"

"தெரியாது."

"அப்ப ஏழு தட்டும் அன்னாசிப்பழமோ?"

ஹவாய் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்னாசியும் பூப்போட்ட சட்டையும்தான். அந்தச் சட்டையில் ஒன்றை வாங்கிப் போடலாமா என்றுகூட யோசித்தேன். மனைவி பார்த்த பார்வையில் யோசனை தானாகப் போய்விட்டது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் சேவ் எடுத்து, கழுத்துப்பட்டி கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். குசினியிலிருந்து ஆவி வருகிறது.

"இஞ்சேருங்கோ, வந்து சாப்பிடுங்கோ."

"நாங்கள் சாப்பிடத்தானே போறம்!"

"சாப்பிடவோ? பெரிய இடங்களிலை எவ்வளவு தருவினம் எண்டு எனக்குத் தெரியாதே? பெரிய தட்டு, நடுவிலை நகத்தளவு சாமான், சுத்திவரப் பச்சைப் பொட்டு. அங்கை போய்ப் பசியோடை முழிச்சுக்கொண்டு இருக்கப் போறியளோ? வேலை கேக்கப் போறனீங்கள், சாப்பாட்டுக்குப் பறக்கக் கூடாது."

இதில் எனக்கும் பங்கு உண்டு. நகத்தளவு சாமான் கதையை வீட்டில் பரப்பியது நான்தான். அந்தத் தட்டுகளை வருடக்கணக்கில் நானே அடுக்கியிருக்கிறேன். அதோடு, எங்கள் ஆட்கள் வெள்ளைக்காரர் வீட்டு விருந்துக்குப் போகும்போது இரண்டு வாய் போட்டுக்கொண்டு போவது வழக்கம். குளிருக்கு மேலங்கி போடுவதைப்போல அது ஒரு பாதுகாப்பு. ஆனால் நான் போட்டது இரண்டு வாய் இல்லை. மனம் பதறினால் என் கை தானாக வாய்க்குப் போகும். ஒரு நீத்துப்பெட்டி நிறைய அவிந்த புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த முட்டை இரண்டு. மனைவி கையளவுதான் சாப்பிட்டாள்.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவால் இறங்கி நடந்தோம். அவள் பட்டுச்சேலை, மேலே குளிர்ச் சட்டை. மரக்கறிக் கடைக்காரர் முருங்கைக்காய்க் கட்டோடு வெளியே நின்றார்.

"என்ன அண்ணை, கலியாணமோ?"

"ஓம், எனக்குத்தான்."

"அக்காவைக் கூட்டிக்கொண்டோ போறியள்?"

"அவ சாட்சிக் கையெழுத்துக்கு."

கால்வாய் வரைக்கும் மனைவி எனக்குப் பத்தடி தள்ளியே நடந்தாள்.

உணவகத்தைக் கண்டதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பின. குப்பைத் தொட்டிகளை எண்ணிக்கொண்டு போகிறேன், பின்னால் குரல்.

"இஞ்சேருங்கோ! வாசல் இஞ்சை!"

உள்ளே பன்னிரண்டு மேசைதான். கூரையிலிருந்து பிரம்புக் கூடைகளில் விளக்குகள் தொங்கின. சுவரில் நீண்ட மரப் படகு ஒன்று. தலைமயிரைக் குடுமியாகக் கட்டிய ஒரு பரிமாறும் தம்பி கதிரையை இழுத்துப் பிடித்தான். எனக்காகக் கதிரையை இழுத்துப் பிடித்த முதல் பிரெஞ்சுக்காரன். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். இரண்டு பேரும் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம்.

அதற்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை. குசினிக்கதவு எனக்கு நேரே இருந்தது. பாத்திரம் கழுவும் இயந்திரம் போடும் சத்தம் கேட்டது. சுண்ணாம்பு படிந்திருக்கிறது, கழற்றிக் கழுவவேண்டும். முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் இடையில் பதினாலு நிமிடம். மீன் அடுப்பில் ஒரே ஆள்தான் நின்று மாய்கிறான். எழும்பி ஓடிப்போய் அவன் கையிலிருந்து சட்டியை வாங்கவேண்டும்போல உள்ளங்கை அரித்தது. முழங்கால் மேசைக்குக் கீழே தையல் இயந்திரமாக ஆட, குவளைத் தண்ணீர் வட்டம் வட்டமாக அலைந்தது.

"காலை ஆட்டாதையுங்கோ. சனம் பாக்குது."

"நான் ஆட்டேல்லை. அது தானா ஆடுது."

கழிவறைக்குப் போய் வந்தால் சரியாகும் என்று எழும்பினேன். குடுமித் தம்பி மூன்று தட்டுகளோடு நிற்க, நான் அவனுக்குப் பின்னால் போகவேண்டியிருந்தது. குசினியில் ஒருவருக்குப் பின்னால் போகும்போது "ஷோ!" என்று கத்தவேண்டும். சூடு, விலகு என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடப் பழக்கம், நான் என்ன செய்ய? அடிவயிற்றிலிருந்து கத்தினேன். பன்னிரண்டு மேசையும் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் கீழே வைத்தது. ஒரு கிழவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பியே விட்டாள். குசினிக்குள்ளிருந்து மட்டும் யாரோ ஒருவன், பழக்கதோஷத்தில், "வி, ஷெஃப்!" என்று, ஆம் ஷெஃப் என்று, பதில் சொன்னான்.

தட்டுகளுக்கு வருகிறேன். முதலாவது, சேம்பங்கிழங்கைக் கண்ணாடிபோலச் சீவிப் பொரித்தது. பரவாயில்லை, காற்றுப்போல. இரண்டாவது, சூரை மீனைப் பச்சையாகச் சதுரம் சதுரமாக வெட்டி, எள்ளெண்ணெயும் கடற்பாசியும் போட்டுக் கலந்தது.

"மீன் வேகேல்லை," என்றாள் மனைவி.

"உது அப்பிடித்தான்."

"மறந்துபோனாங்களோ எண்டு பாத்தன்." வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "ம். தேசிப்புளி விட்டிருக்கு. பரவாயில்லை."

மூன்றாவது, சோற்றுக் கட்டிக்கு மேலே ஒரு துண்டு இறைச்சி வைத்துக் கடற்பாசியால் பட்டி கட்டியது. ஹவாயில் தகரப் பேணியில் வரும் இறைச்சியில் செய்வார்களாம், இங்கே ஷெஃப் வாத்து இறைச்சியில் தானே தயாரிக்கிறார் என்று குடுமித் தம்பி விளக்கினான். நான் மொழிபெயர்த்தேன்.

"பேணியிலை வாற சாமானை ஏன் கஷ்டப்பட்டுக் கையாலை செய்யினம்?" என்றாள். ஆனால் முழுதாகச் சாப்பிட்டாள்.

எனக்கு அந்தச் சோற்றுக் கட்டியோடு வழி அடைத்துவிட்டது. புட்டு ஒரு விசித்திரமான சாமான். போகும்போது பூப்போலப் போகும். உள்ளே போய்த் தண்ணீரைக் கண்டதும் குடும்பத்தோடு குடியேறிவிடும். கழுத்துப்பட்டியைத் தளர்த்தினேன். இடுப்புப்பட்டியில் ஒரு ஓட்டை தளர்த்தினேன். இன்னும் நாலு தட்டு இருக்கிறது. நாலாவது வந்தது: சேம்பிலையில் மீனைத் தேங்காய்ப்பாலோடு பொதிந்து, நூலால் கட்டி அவித்த பொதி. ஆளுக்கு ஒன்று. நகத்தளவு இல்லை, என் கை அளவு.

மீதம் வைக்க முடியாது. அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? நான் தட்டுக் கழுவித் தொடங்கியவன். திரும்பி வரும் தட்டுத்தான் ஷெஃபுக்கு வரும் கடிதம். பெரிய ஷெஃப்மார் வாடிக்கையாளரின் புகழ்ச்சியைக் காதில் விழுத்தமாட்டார்கள். தட்டுக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று தட்டைப் பார்ப்பார்கள். இந்தப் பெண் கட்டாயம் பார்ப்பார்.

"இஞ்சேரும்," என்றேன் மெல்ல. "பையுக்குள்ளை பெட்டி இருக்கோ?"

மனைவியின் கைப்பையில் கழுவிய மாஜரீன் பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும். கோயிலில் மோதகம் தந்தால் எதில் வாங்குவது என்பது அவள் கட்சி. பட்டுச்சேலை உடுத்தால் பெட்டியும் கூடவே வரும்.

"இருக்கு. ஏன்?"

"கீழாலை தாரும்."

"உங்களுக்கு என்ன விசரே? வேலை கேக்க வந்த இடத்திலை!"

"சாப்பிட்டனெண்டால் இஞ்சையே படுத்திடுவன். தாரும்."

நூல்கூட அவிழாமல் பொதி பெட்டிக்குள் போனது. பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம்கூட இருந்தது. மனைவி தன் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டாள். பாதியில் நிறுத்தி, தொண்டையைச் செருமினாள்.

"கடிக்குது," என்றாள்.

"என்ன?"

"தொண்டை. சேம்பிலைக்குப் புளி விடேல்லை. கருணைக்கிழங்கு கடிக்கிற மாதிரிக் கடிக்குது."

"பேசாமல் இரும். பெரிய இடம்."

"பெரிய இடத்திலை கடிக்காதோ?"

ஐந்து, ஆறு, ஏழு என்று வந்த தட்டுகளில் என் பங்கை வழித்துத் துடைத்து, மனைவிக்குப் பாதி, பெட்டிக்கு மீதி என்று பிரித்தேன். கடைசித் தட்டு ஊதா நிறக் களி. கூடவே தேங்காய்ப்பாலில் செய்த வெள்ளைக் கட்டி. மனைவி ஒரு கரண்டி எடுத்துவிட்டு, "இராசவள்ளிக் கிழங்கு," என்றாள் தீர்ப்பாக. "உதை நான் வீட்டிலை காய்ச்சித் தந்தால் நீங்கள் தொடமாட்டியள்." என் தட்டுகள் எல்லாம் கழுவியதுபோலப் போயின. எனக்கே பெருமையாக இருந்தது.

ஷெஃப் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எங்கள் மேசையில் மூன்றாவது கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"உங்கள் தட்டுகளைப் பார்த்தேன். இப்படிச் சாப்பிடுகிறவரை நான் கண்டதில்லை. சரி, கேள்வி. எந்தத் தட்டு?"

ஏழு மாதமாகக் காத்திருந்த நேரம். மூன்று தட்டுத்தான் சாப்பிட்டிருந்தேன். அதுவும் புட்டுக்கு மேலே விழுந்ததால் ருசி பிடிபடவில்லை. ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டுக் குறை சொல்வது எங்கள் பழக்கத்தில் இல்லை என்பது வேறு.

"எல்லாம் பர்ஃபே," என்றேன். அப்பழுக்கில்லை என்று பிரெஞ்சில் சொல்வது.

அவர் முகத்தில் ஏதோ அணைந்தது. "எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். இலைப் பொதி? அதுவுமா? இரண்டு வருடமாக அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். சில நாளில் சாப்பிட்டவர்கள் இருமுகிறார்கள். ஏன் என்று தெரியவில்லை."

"அது முக்கியமாக பர்ஃபே," என்றேன். வாய் ஒரு பாதையில் ஓடத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம்.

"என்ன கேக்கிறா?" என்றாள் மனைவி.

"ஒண்டுமில்லை."

"அந்த இலையைப் பற்றியோ?"

"பேசாமல் இரும் எண்டெல்லே சொன்னனான்."

அவள் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் சேலைக்கடையில் நிற்கிறவள். கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லவேண்டிய பிரெஞ்சு அவளிடம் உண்டு. இந்தச் சட்டை கழுத்தில் உரசும், இந்தச் சரிகை கையைக் கீறும் என்பதெல்லாம் நன்றாக வரும். ஷெஃபை நேரே பார்த்து, தொண்டையில் விரலை வைத்து, "மதாம், சா க்ராத்," என்றாள். மேடம், கீறுது.

ஷெஃப் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் கீறியதா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். வேலை கிடைத்திருக்கும். வாயைத் திறந்தேன். முழங்கால் ஆடி மேசை ஆடி மனைவியின் கைப்பை சரிய, பெட்டியின் மூடி எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வராது.

"எனக்குத் தெரியாது, ஷெஃப்," என்றேன். "என்னுடையது பைக்குள் இருக்கிறது."

பெட்டி மேசைக்கு வந்தது. இலைப் பொதி, அதற்குப் பக்கத்தில் நெருக்கி வைத்த மற்றத் தட்டுகளின் மிச்சம், மேலே ஊதாக் களி வழிந்துகொண்டிருந்தது. மூடியில் ஒரு பசு சிரித்தது. ஷெஃப் சிரிக்கவில்லை. நூலைக் கத்தியால் அறுத்து, பொதியைப் பிரித்து, என் முன்னால் தள்ளினார்.

"சாப்பிடுங்கள்."

சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது. மீன் அருமை. தேங்காய்ப்பால் அருமை. பத்து எண்ணினேன். பதினொன்றில் தொண்டைக்குள் ஒரு எறும்பு நடந்தது. பிறகு அதன் சொந்தக்காரர்.

அப்போதுதான் காலையிலிருந்து முதல் தடவையாக என் கால் நின்றது. எனக்குத் தெரிந்த விஷயம் வந்துவிட்டதல்லவா. "இலையைத் தனியாக அவிக்கவேண்டும். புளித் தண்ணீரில். முதல் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்ப. முக்கால் மணி நேரமாவது. தேங்காய்ப்பாலிலும் கொஞ்சம் புளி. இளம் இலை வருகிற நாளில் கடிக்காது, முற்றல் வந்தால் கடிக்கும். அதுதான் சில நாள் மட்டும் இருமுகிறார்கள்."

"புளி எங்கே கிடைக்கும்?"

"என் வீட்டுக்குக் கீழே."

"இது நீங்கள் கண்டதா, மதாம் கண்டதா?"

"மதாம். நான் பேசாமல் இரு என்று சொன்னேன்."

"ஏழு தட்டில் நீங்கள் சாப்பிட்டது?"

"மூன்று."

"ஏன்?"

புட்டைப் பற்றிச் சொல்லவேண்டி வந்தது. பிரெஞ்சில் புட்டை விளக்குவது இலேசில்லை. மாவு, தேங்காய்ப்பூ, ஆவி என்றேன். மனைவி கைகளால் நீத்துப்பெட்டியின் உயரத்தைக் காட்டி, பிறகு என்னைக் காட்டினாள். ஷெஃப் என் கழுத்துப்பட்டியையும் இடுப்புப்பட்டியையும் பார்த்தார். எழும்பினார். எல்லாம் முடிந்தது, வெங்காயம்தான் இனி என்று நினைத்தேன்.

"வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. ஒரு மாதம் பார்க்கலாம். வெறும் வயிற்றோடு வாருங்கள்."

இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டில் இரண்டு பேரும் பட்டினி. அவள் முருகனுக்காக விரதம், நான் ஷெஃபுக்காக. ஆனாலும் குசினியிலிருந்து ஆவி வந்தது. கழுவிய அதே மாஜரீன் பெட்டியை என் பைக்குள் வைத்தாள். "வேலை முடியச் சாப்பிடுங்கோ. முன்னம் தொட்டியளோ, பாருங்கோ."

ஒழுங்கையால் போய், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, ஈரப்படியில் இறங்கினேன். ஷெஃப் கதவடியில் நின்றார். மணத்துக்கு மூக்கைத் தூக்கினார்.

"பைக்குள் என்ன?"

"போன புதன்கிழமைக்கான காரணம்."

அவர் கையை நீட்டினார். பெட்டியைத் திறந்து, சட்டைப்பையிலிருந்து கரண்டியை எடுத்து, ஒரு வாய் போட்டார். மென்றார். மிக மெதுவாக மென்றார். என் முழங்கால் திரும்ப ஆடத் தொடங்கியது.

"உப்புக் குறைவு," என்றார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, வேலை எப்படி என்பதல்ல.

"உங்கடை ஷெஃப் புட்டைப் பாத்தவவே? என்ன சொன்னவ?"

"பர்ஃபே எண்டவ," என்றேன்.